இன்னும் வராத பெட்டிக்கு ஒரு பவுச்

உலகம் முன்னேறுவது உறை தைக்கிற பூலோகத்துக்கு மூன்று எண்களாகத்தான் தெரியும்: நீளம், அகலம், கனம். பேஜர் என்றால் எட்டு, ஐந்தரை, இரண்டு சென்டிமீட்டர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பதினான்கு வயதில் தாராவிக்கு வந்தவர் முதன்முதலாக உறை தைத்தது அதற்குத்தான். பிறகு கொம்பு நீட்டிய செல்போன், மடக்குகிற செல்போன், பாட்டுப் பெட்டி, டேப்லெட், பவர் பேங்க் என்று வந்த ஒவ்வொன்றின் அளவும் இன்றைக்கும் அவர் நாக்கு நுனியில் இருக்கிறது. அவற்றில் பாதியை அவர் உபயோகித்ததில்லை. உறை தைப்பவருக்கு உள்ளே இருப்பது என்ன வேலை செய்யும் என்பது தேவையில்லாத சங்கதி.

தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு திருப்பம் திரும்பினால் அவர் வீடு. கீழே குடித்தனம், இரும்பு ஏணி ஏறினால் பட்டறை. இரண்டு தையல் மிஷின். ஒன்றில் அவர், மற்றொன்றில் மனைவி பேச்சியம்மாள். அவர் வெட்டி மூட்டுவார், அந்த அம்மாள் உள்துணியும் ஜிப்பும் தைப்பார். வேலை கூடினால் ஜிப் தைக்கப் பக்கத்துச் சந்திலிருந்து இரண்டு பெண்கள் வருவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. இதுவரை அந்த ஏணி வழியாக இறங்கிப் போன எதிலும் பூலோகத்தின் பெயர் இருந்ததில்லை. பெரும்பாலும் இத்தாலி ஊர்ப் பெயர்கள் இருக்கும். அந்த ஊர்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று அவருக்கு நிச்சயமில்லை.

பெயரைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் கிடையாது, போன வருடம் வடாலா போகிற வண்டியில் ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்திருந்த நாள் வரை. அந்த ஆளின் மடியில் இருந்தது பூலோகம் தைத்த டேப்லெட் பவுச். மூலையில் இரட்டைத் தையல் போட்டு நூலை உள்ளே மடக்கி விடுவது அவர் பழக்கம்; பார்த்ததும் தெரிந்துவிட்டது. "இது நான் தைச்சது" என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்த ஆள் பவுச்சைத் திருப்பி லேபிளைக் காட்டினார். "இது இட்டாலியன்" என்றார். அத்தோடு நிற்காமல், பவுச்சைத் தூக்கி மறுபக்கம், ஜன்னலோரமாக வைத்துக்கொண்டார்.

இது நடந்து நாலைந்து மாதம் கழித்து ஷாகிர் வந்தார். ஷாகிரின் அப்பா மேலப்பாளையத்துக்காரர். ஷாகிர் பிறந்தது தாராவியில். வடாலாவில் ஒரு கோடவுன் வைத்து, போன் உறை முதல் ஹெட்போன் டப்பா வரை ஆன்லைனில் விற்கிறார். ஏணியில் பாதி ஏறி நின்றுகொண்டே பேச ஆரம்பித்துவிடும் அவசரம் அவருக்கு.

"அண்ணாச்சி, கையில வச்சு விளையாடுற கேம் பெட்டி ஒண்ணு வருது. நெக்ஸ்ட் ஜெனரேஷன். இன்னும் பதினெட்டு நாள்ல லாஞ்ச். அன்னைக்கு எவன்கிட்ட பவுச் ரெடியா இருக்கோ அவன்தான் ராஜா. அறுநூறு பீஸ் வேணும்."

"பெட்டிய கொண்டாந்திருக்கியளா?"

"பெட்டி இன்னும் வரல. அளவு வந்திருக்கு."

"பெட்டி வராம அளவு எப்படி வந்துச்சு? யாரு அளந்தா?"

"அதெல்லாம் கேக்கப்படாது அண்ணாச்சி."

ஷாகிர் நீட்டியது யாரோ யாருக்கோ அனுப்பிய ஒரு படத்தின் பிரிண்ட். முப்பது புள்ளி இரண்டு சென்டிமீட்டர், பன்னிரண்டு, நான்கரை. எடை அறுநூற்று எண்பது கிராம். பெரிய தொழிற்சாலைகளுக்குக் கம்பெனிக்காரர்களே ரகசியம் காக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சரியான அளவைக் கொடுப்பார்கள். தாராவிக்கு அப்படி யாரும் கொடுப்பதில்லை. வதந்தி வரும், அதை நம்பி வெட்டுவார்கள். போன் பவுச்சில் பூலோகத்துக்கு நான்கு தடவை வதந்தி பலித்திருக்கிறது. ஒரு தடவை கேமரா ஓட்டை மறுபக்கம் வந்துவிட்டது.

"மத்தவன் எவனும் எடுக்க மாட்டேங்கான். அதானே ஏணி ஏறி வந்திய?" என்றார் பூலோகம்.

ஷாகிர் சிரித்தார். மறுக்கவில்லை.

"நான் எடுக்கேன் பாய். ஆனா எம் பேரு போடணும்."

"உங்க பேருலயா? நான் நல்ல இட்டாலியன் பேரு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

"இட்டாலிக்கு முப்பது வருசம் உழைச்சாச்சு. இது எம் பேருல போட்டும். லேபிளா வேண்டாம், பிரிச்சிருவிய. அச்சு அழுத்தணும்."

ஷாகிர் விரல் விட்டு நாளை எண்ணினார். வேறு பட்டறை இல்லை, நாளும் இல்லை. "சரி. பேச்சு இதுதான். சைஸ் பக்காவா உக்காந்துச்சுன்னா, இனிமே உங்ககிட்ட வாங்குற எல்லா மாலுலயும் உங்க பேரு. உக்காரலைன்னா, பேருங்கிற பேச்சே என்கிட்ட எடுக்கப்படாது."

"சரி" என்றார் பூலோகம்.

புது சாமானுக்கு உறை தைக்கும்போது முதலில் அதே அளவில் ஒரு மரக்கட்டை செய்துகொள்வது அவர் வழக்கம். தச்சுப் பட்டறையில் மீந்த பலகையை வாங்கி, காகிதத்தில் இருந்த அளவுக்கு அறுத்து, நடுவில் குடைந்து இரும்பு வாஷர்களைப் போட்டு எடையையும் சரியாகக் கொண்டுவந்தார். கட்டையைக் கையில் எடுத்ததும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பேச்சியம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. "முறம் மாதிரில்லா இருக்கு. இத வச்சு விளையாடவா, அரிசி பொடைக்கவா?"

விளையாடுகிற ஒருவரைக் கேட்டுவிடலாம் என்று அவர் கூப்பிட்டது அடுத்த வீட்டுப் பெண் ஜாயை. ஜாய்க்கு இருபத்தேழு வயது. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். கோபர்கைரனேயில் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. சயானில் ஏறி, குர்லாவில் மாறி, வாஷியில் மறுபடி மாறிப் போய்ச் சேர வேண்டும். போகவும் வரவும் ரயிலின் லேடீஸ் டப்பாவில் நின்றபடி ஒரு பழைய கேம் பெட்டியில் விளையாடுவாள். தெருவில் இந்த விஷயத்தில் அவளைவிடப் பெரிய படிப்பு யாருக்கும் இல்லை.

ஜாய் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மட்டும் பிடித்துப் பார்த்தாள். கட்டை சரிந்து அவள் காலருகே விழுந்தது.

"இதான் மாமா நடக்கும். டெய்லி. ஒரு கை கம்பிக்குப் போயிரும், மிச்சம் ஒரு கைதான் எனக்கு. இத செய்றவங்க சோஃபால உக்காந்து ஆடுறவங்கள நினைச்சு செய்றாங்க."

"அப்ப ஒனக்கு எப்படி இருந்தா சரியா இருக்கும்? சொல்லு பிள்ள, எழுதிக்கிடுதேன்."

இப்படி ஒரு கேள்வியை ஜாயிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஏணியின் மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு கைல ஆடணும். அது ஃபர்ஸ்ட். யாராவது இடிச்சா ஆட்டம் தானா நிக்கணும். இடிச்சவங்க எறங்கிப் போனதும் தானா நடக்கணும். வாஷி பாலத்துல வெயில் மூஞ்சிலயே அடிக்கும், அப்பவும் ஸ்க்ரீன் தெரியணும். மழைல நனைஞ்சா சாகக் கூடாது. இப்ப உள்ளதுல விரலால தள்ளுற அந்தச் சின்ன கம்பு தேஞ்சு போயி தானா ஒரு பக்கமா இழுக்குது மாமா. நான் சும்மா நிக்கேன், ஆட்டத்துல என் ஆளு அவனா நடந்து போயி கிணத்துல விழுறான். அதத் தனியா மாத்துற மாதிரி இருக்கணும். அப்புறம் பாத்தா விலை தெரியக் கூடாது. டிபன் டப்பா மாதிரி இருந்தா எவனும் பறிக்க மாட்டான்."

"வேற?"

"வாஷி வந்தா சொல்லணும். ரெண்டு தடவ தாண்டி சான்பாடா போயிட்டேன்."

பூலோகம் காகிதத்தின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு இஞ்ச் டேப்பை எடுத்து அவள் கட்டை விரல் எட்டுகிற தூரத்தை அளந்தார். ஏழு சென்டிமீட்டர்.

அதற்கடுத்த நான்கு நாட்களும் மால் கொடுக்கப் போன இடத்தில் எல்லாம் அவர் இதையே விசாரித்தார். வடாலா கோடவுன் வாட்ச்மேன், மெயின் ரோடு சலூன்காரர், மாட்டுங்காவில் காபிக் கடை வாசலில் நின்ற இரண்டு கல்லூரிப் பையன்கள், செம்பூரில் ஒரு நர்ஸ் என்று பதினாலு பேர். சிலர் அவரைக் கம்பெனி ஆள் என்று நினைத்து இலவசமாக ஏதாவது உண்டா என்றார்கள். சலூன்காரருக்குப் பட்டன் இடுக்கில் முடி போகாத பெட்டி வேண்டும். கல்லூரிப் பையன்களில் ஒருவனுக்கு நடுவில் பிட்டுத் தம்பியிடம் பாதி கொடுக்கிற மாதிரி வேண்டும், சண்டை மிச்சம். நர்ஸுக்குச் சத்தமே வராமல், ஆனால் யாரோ ஜெயித்த மாதிரி கையில் ஒரு சின்ன அதிர்வு மட்டும் வேண்டும். வாட்ச்மேன் கேமே வேண்டாம் என்றார். பேட்டரி பெரிதாக இருந்தால் போதும், போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்வாராம். பூலோகம் எல்லார் கையையும் அளந்தார். ஒருவர்கூடப் பெட்டி பெரிதாக வேண்டும் என்று சொல்லவில்லை.

அங்கேதான் தவறு தொடங்கியது. அது சோம்பேறி செய்கிற தவறு அல்ல. முப்பது வருடம் ஒழுங்காக அளந்து வெட்டியவர் மட்டுமே செய்யக்கூடியது. தோளை அளக்காமல் சட்டை தைப்பவர் உண்டா? அப்படியிருக்க, இவ்வளவு படித்து, இத்தனை கோடி செலவழித்து ஒரு பெட்டி செய்கிறவர்கள் அதைப் பிடிக்கப்போகிற கையை அளக்காமலா செய்திருப்பார்கள்? நான்கே நாளில் ஒரு டேப்பை வைத்துக்கொண்டு பூலோகத்துக்குத் தெரிந்துவிட்டது அவர்களுக்குத் தெரியாமலா போகும்? ஆகவே காகிதத்தில் இருந்த முப்பது சென்டிமீட்டர்தான் பொய்.

அவர் இரண்டாவது கட்டையைச் செய்தார். பதினெட்டரை, ஒன்பது, இரண்டரை. விளிம்பையெல்லாம் உள்ளங்கைக்குத் தோதாக உருட்டினார். கறுப்புச் சாயம் அடித்து, ஸ்க்ரீன் இருக்கவேண்டிய இடத்தில் பளபளப்பான ரெக்சினை ஒட்டி, பட்டனுக்குப் பதில் நான்கு பித்தளை ரிவெட் வைத்தார். பட்டறைக்கு வந்தவர்கள் கையில் எடுத்தால் கீழே வைக்க மனமில்லாமல் பேசிக்கொண்டே நின்றார்கள். பேச்சியம்மாள் ஒரு நாள் அதை அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் பூண்டு நசுக்கினார். கீழ்மூலையில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது.

"ஏட்டி, இதுலயா நசுக்குவ?"

"கைக்கு வாகா இருந்துச்சு, எடுத்தேன்" என்றார் பேச்சியம்மாள். இதற்கு மேல் ஒரு பாராட்டு பூலோகத்துக்குத் தேவைப்படவில்லை.

ஜாய் அதை ஒரு நாள் ஆபீசுக்குக் கொண்டுபோனாள். வண்டியில் பிடித்துப் பார்க்கத்தான். திரும்பி வந்ததும் நேரே பட்டறைக்கு ஏறினாள்.

"குர்லால இருந்து வாஷி வரைக்கும் ஒரே கைல பிடிச்சிருந்தேன் மாமா, கை வலிக்கவே இல்ல. பக்கத்துல நின்ன அக்கா இது எங்க வாங்குனதுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் வரலன்னு சொன்னேன். அப்புறம் ஆபீஸ்ல டேபிள் மேல வச்சிருந்தேனா, ஒருத்தன் போட்டோ எடுத்தான்."

"எடுத்துட்டுப் போறான்" என்றார் பூலோகம்.

மூன்றாம் நாள் அந்தப் படம் இணையத்தில் இருந்தது. நடுவில் யாரோ கம்ப்யூட்டரில் வெளிச்சமான ஒரு ஸ்க்ரீனைப் பொருத்தியிருந்தார்கள். வேறு யாரோ படத்தை வேண்டுமென்றே கொஞ்சம் மங்கலாக்கியிருந்தார்கள்; மங்கலாக இருந்தால்தான் திருட்டுத்தனமாக எடுத்தது என்று ஜனங்கள் நம்புவார்கள். நவி மும்பையில் ஓர் அலுவலகத்திலிருந்து கசிந்த புதிய கேம் பெட்டி என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் பக்கத்தில் இருந்த டீக் கோப்பையை வைத்துக் கணக்குப் போட்டு ஒருவர் அளவையும் கண்டுபிடித்திருந்தார்: பதினெட்டரை, ஒன்பது, இரண்டரை. கணக்கு கொஞ்சமும் பிசகவில்லை.

ஷாகிர் இந்தத் தடவை ஏணியின் எல்லாப் படியும் ஏறி வந்தார். "டை இன்னும் அடிக்கலையே அண்ணாச்சி? நல்ல வேளை. பழைய அளவு எல்லாம் போச்சு. போட்டோவே வந்துட்டு. பாருங்க."

ரெக்சின் வெட்டுகிற இரும்பு டையை அடுத்த சந்தில் அடிப்பார்கள். ஓர் அளவுக்கு வளைத்து அடித்தால் அடித்ததுதான். அன்றைக்குக் கொடுத்தால்தான் அறுநூறு பீஸ் நாளுக்குள் முடியும்.

பூலோகம் போனை வாங்கிப் பார்த்தார். பேச்சியம்மாள் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இது நான் பூண்டு நசுக்குன கட்டைலா?"

பூலோகம் படத்தின் கீழ்மூலையை விரலால் பெரிதாக்கினார். சில்லு இருந்தது. "பாய்," என்றார் மெதுவாக, "இது நம்ம கட்டை மாதிரி தெரியுது."

ஷாகிர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க கட்டைல ஸ்க்ரீன் எரியுமா அண்ணாச்சி? நாப்பதாயிரம் பேரு லைக் போட்டிருக்கான். எல்லாரும் பைத்தியமா?"

"நாப்பதாயிரமா? என்ன சொல்லுதாங்க?"

ஷாகிர் வாசித்தார். ஒருவர் இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று எழுதியிருந்தார். ஒருவர் இது வந்தால் பழையதை விற்றுவிடுவேன் என்றிருந்தார். இன்னொருவர், "கடைசியில் யாரோ ஒருவர் கையைப் பற்றி யோசித்திருக்கிறார்" என்று எழுதியிருந்தார்.

"அத மறுபடி வாசிங்க" என்றார் பூலோகம்.

ஷாகிர் மறுபடி வாசித்தார்.

கட்டை கீழே அடுப்படியில்தான் இருந்தது. ஏணியில் இறங்கி எடுத்து வந்து நீட்டினால் பேச்சு முடிந்துவிடும். பேச்சியம்மாள் புருஷனின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். பூலோகம் இறங்கவில்லை. "டை அடிக்கக் குடுத்துருதேன்" என்றார்.

ஷாகிர் போன பிறகு பேச்சியம்மாள் கேட்டார்: "தெரிஞ்சே செய்யுதியளா?"

"இத்தன பேரு இதான் வேணும்ங்கான். கம்பெனிக்காரன் கண்ணுலயும் படும்லா? மாத்த மாட்டானா?"

"பத்து நாளைக்குள்ளயா?"

"அவங்கிட்ட மிஷின் இருக்குட்டி."

பேச்சியம்மாள் மிஷினுக்குத் திரும்பினார். ஜிப்பை மட்டும் தைத்தார். அறுநூறு பவுச்சும் சாம்பல் நிற ரெக்சின், உள்ளே கத்தரிப்பூ நிற வெல்வெட், ஒரு கையில் தொங்கவிட ஒரு வார். வலதுபக்கக் கீழ்மூலையில் ஆங்கில எழுத்தில் பூலோகம் என்று அழுத்தியிருந்தது. பித்தளை அச்சைச் சூடாக்கி ஒவ்வொன்றாக அழுத்தும் வேலையை அவர் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. அழுத்தி முடித்ததும் விரலால் ஒரு தடவை தடவிப் பார்ப்பார். அறுநூறு தடவை தடவினார்.

முன்கூட்டியே பதிவு செய்திருந்த நூற்று நாற்பது பேருக்கு ஷாகிர் பவுச்சை அனுப்பிவிட்டார். பவுச் போய்ச் சேர்ந்தது. மறுநாள் பெட்டி வந்தது.

முப்பது புள்ளி நான்கு சென்டிமீட்டர். வதந்தியைவிட இரண்டு மில்லிமீட்டர் அதிகம்.

அன்று மதியமே ஷாகிர் ஒரு பெட்டியை வாங்கிக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தார். பவுச்சைத் திறந்து உள்ளே தள்ளிக் காட்டினார். ஒரு மூலைதான் நுழைந்தது, மிச்சமெல்லாம் வெளியே நின்றது. ஆறு வயதுப் பிள்ளையின் சட்டையை மாட்டிக்கொண்ட தாய்மாமன் மாதிரி இருந்தது.

பூலோகம் பெட்டியை வெளியே எடுத்தார். அவர் ஒரு கேம் பெட்டியைக் கையில் பிடிப்பது அதுதான் முதல் தடவை. ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் தாம்பாளம் ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு, "இவன் யாரு கைய அளந்தான்?" என்றார்.

"உங்க கைய இல்ல" என்றார் ஷாகிர்.

பூலோகம் கீழே இறங்கிப் போய்க் கட்டையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். ஷாகிர் அதைப் பார்த்தார், போனில் இருந்த படத்தைப் பார்த்தார், மூலைச் சில்லைத் தொட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"சொன்னேனே பாய்."

"சொன்னிய. காட்டலையே."

பூலோகம் பவுச்சின் ஜிப்பை இழுத்து மூடினார்.

புகார்கள் இரண்டே நாளில் குவிந்தன. நூற்று நாற்பது பேரில் அறுபத்தொரு பேர் எழுதியிருந்தார்கள். ஷாகிர் அவற்றை வாசிக்க மறுத்துவிட்டதால், ஜாய் சாயங்காலம் வேலைவிட்டு வந்ததும் ஏணியில் உட்கார்ந்து வாசித்துத் தமிழில் சொன்னாள். அவளுக்கு இது ஓவர்டைம் மாதிரி.

"‘பூலோகம் என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள்.’ ஒரு ஸ்டார். ‘பூலோகம் கம்பெனிக்காரர்கள் பெட்டியைக் கண்ணால் பார்த்திருக்கிறார்களா?’ இதுவும் ஒண்ணு."

"பாக்கலன்னு எழுது."

"அப்படில்லாம் எழுதக் கூடாது மாமா. அடுத்தது, ‘பூலோகம் தையல் ரொம்ப நன்றாக இருக்கிறது, ஜிப் வெண்ணெய் மாதிரி போகிறது, என்ன பிரயோஜனம்.’ ரெண்டு ஸ்டார். இன்னொருத்தன் போட்டோவோட போட்டிருக்கான். ‘பூலோகமே, இந்தச் சின்னப் பையில் என்ன வைப்பது?’"

"எல்லாத்துலயும் பேரு இருக்கா?"

"மோஸ்ட்லி இருக்கு." ஜாய் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன மாமா, சந்தோசப்படுறீங்க?"

"சந்தோசமில்ல. கேட்டேன்."

"எங்க ஆபீஸ்ல பேரே சொல்ல மாட்டோம். கம்ப்ளெயின்ட் வந்தா டிக்கெட் நம்பர் குடுப்போம், அவ்ளோதான். பேரு சொன்னா அவங்க அந்தப் பேரைப் பிடிச்சுக்குவாங்க."

மறுநாள் ஷாகிர் புது அளவோடு வந்தார். இந்தத் தடவை அளவு பெட்டியிலிருந்தே எடுத்தது. ஐந்நூறு பீஸ், பெரிய சைஸ். "பேரு கிடையாது. நம்ம பேச்சு பேச்சுதான்" என்றார்.

"பேச்சு பேச்சுதான்" என்றார் பூலோகம். "ஐந்நூறுல பேரு வேண்டாம். ஆனா அந்த நூத்தி நாப்பது பேருக்கு ஆல்ட்டர் பண்ணிக் குடுக்கணும். அது எம் பேருலதான் போணும்."

"ஆல்ட்டரா? அது என்ன பேன்ட்டா அண்ணாச்சி? சின்னத இழுத்தா பெருசு ஆயிருமா?"

"புதுசா தைச்சுக் குடுக்கேன். எங்கிட்ட ரெக்சின் கெடக்கு. தைச்சது பத்தலைன்னா தைச்சவன்தான் சரி பண்ணிக் குடுக்கணும் பாய். பேரு போடாம குடுத்தா யாரோ குடுத்ததாத்தான் இருக்கும். பூலோகம் தப்பா குடுத்தான்ங்கிறது மட்டும் அப்படியே நிக்கும்."

ஷாகிருக்கு வாதாட வழியில்லை. புகார்கள் இப்படியே நின்றால் ஆன்லைனில் அவர் கடையையே மூடிவிடுவார்கள் என்று காலையில்தான் ஒரு கடிதம் வந்திருந்தது. "நூத்தி நாப்பதுதான். நூத்தி நாப்பத்தொண்ணாவதுல பேரு இருக்கப்படாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பூலோகத்துக்கு அந்தப் பெரிய அளவு பிடிக்கவே இல்லை. வெட்டும்போதெல்லாம் கை கூசியது. எடைக்கு ஒற்றை வார் தாங்காது என்று சூட்கேஸ் மாதிரி பிடி வைக்க வேண்டியிருந்தது. முடிந்ததைப் பார்த்தால் எலக்ட்ரீஷியன் கொண்டுபோகிற கருவிப் பை போல இருந்தது. தன் பெயரைத் தான் போட வேண்டியது இதன் மேலா என்று முதல் அச்சை அழுத்தும்போது சற்று நின்றார். பிறகு அழுத்தினார். ஆனால் பெட்டி அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் அசையவில்லை. அதிலும் மூலையில் இரட்டைத் தையல் போட்டு நூலை உள்ளே மடக்கியிருந்தார்.

மீதி இருந்த சின்னப் பவுச்சுகள் வீணாகவில்லை. முதலில் பேச்சியம்மாள் ஆதார் அட்டைகளையும் ரேஷன் கார்டையும் ஒன்றில் போட்டு வைத்தார். பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஒரு மாதத்தில் அந்தச் சந்தில் பிறப்புச் சான்றிதழ், மின்சார பில், கல்யாணப் பதிவு எல்லாம் கத்தரிப்பூ வெல்வெட்டுக்குள் குடியேறிவிட்டன. எந்த வீட்டில் கேட்டாலும் "பூலோகத்துல பாரு" என்கிறார்கள்.

மாற்றுப் பவுச்சுகள் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆனதும் பூலோகம் ஜாயைக் கூப்பிட்டார். அவள் போனைத் திறந்து கொஞ்ச நேரம் விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

"அரே வா. நல்லா இருக்கு மாமா. நாலரை ஸ்டார் ஆயிருச்சு."

"வாசி பிள்ள."

"‘சரியாக இருக்கிறது.’"

"அப்புறம்?"

"அவ்ளோதான். அடுத்தது, ‘ஓகே.’ அடுத்தது வெறும் கட்டை விரல் படம். அதுக்கடுத்தது, ‘மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், நன்றி.’"

"யாரு மாத்திக் குடுத்தான்னு போட்டிருக்கானா?"

"இல்ல."

"மொதல்ல பூலோகம்னு போட்டு வஞ்சு எழுதியிருந்தான்ல, பையில என்ன வைக்கன்னு கேட்டு? அது இருக்குல்லா?"

ஜாய் மேலும் கீழும் தேடினாள். "அத எடிட் பண்ணிட்டான் மாமா. எல்லாருமே பழச எடுத்துட்டு புதுசு எழுதியிருக்காங்க. அப்படித்தான் செய்வாங்க, அது நல்லதுதான்."

"பூலோகம்னு தேடிப் பாரேன்."

தேடினாள். போனைத் திருப்பி அவரிடம் காட்டினாள். வெள்ளைத் திரையில் ஒன்றும் இல்லை.

"எல்லாருக்கும் கச்சிதமா உக்காந்துட்டு போல" என்றார் பூலோகம்.

ஜாய் இறங்கிப் போனாள். பேச்சியம்மாள் மிஷினை நிறுத்தாமலே அடுத்த ஜிப்பை எடுத்தார். பூலோகம் ரெக்சினை விரித்தார். பெயர் இல்லாத ஐந்நூறில் அன்றைக்கு இன்னும் நாற்பது வெட்ட வேண்டியிருந்தது.